குழந்தையின் எடைச் சீட்டு கைக்கு வந்தால்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

பள்ளியில் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளந்து வீட்டுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். என் மகளுக்கு ஏழு வயது நடந்தபோது வந்த சீட்டில் "அதிக எடை" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அவள் அதைப் படித்துவிட்டாள். புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல், "நான் குண்டா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. முதலில் பள்ளியின் மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது. அன்று இரவு சமையலறையில் இருந்த பிஸ்கட் டப்பாவை அவள் கைக்கு எட்டாத இடத்தில் ஒளித்து வைத்தேன். அந்த ஒரு நாளில் நான் செய்த அத்தனையும் தவறு என்று புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

இந்த விஷயத்தில் இரண்டு உண்மைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எடை கூடிய குழந்தைகளின் பெற்றோரில் சுமார் பாதிப் பேர் தங்கள் குழந்தை சரியான எடையில் இருப்பதாகவே நினைத்திருந்தார்கள். ஆகவே கண்ணை மட்டும் நம்ப முடியாது, அளக்கத்தான் வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. "இவன் எடை அதிகம்" என்று பெற்றோர் எண்ணிய குழந்தைகள், தொடக்கத்தில் அவர்களுடைய எடை எப்படி இருந்தாலும், பின்னாளில் மற்றவர்களைவிடக் கூடுதலாக எடை ஏறினார்கள். அளவு பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது குழந்தைக்குப் பெயராக ஒட்டிவிடக் கூடாது. கீழே உள்ள எட்டுப் படிகளையும் இந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: நீங்களே மறுபடி அளந்து பாருங்கள்

பிஎம்ஐ என்பது எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். உயரம் இரண்டு முறை பெருக்கப்படுவதால், உயரத்தில் நேரும் சிறு பிழையும் விடையில் பெரிதாகத் தெரியும்.

எங்கள் சீட்டில் எடை 25 கிலோ, உயரம் 118 சென்டிமீட்டர். பிஎம்ஐ 17.95. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் ஏழு வயதுச் சிறுமிக்கு அதிக எடையின் கோடு 17.3இல் தொடங்குகிறது. வீட்டில் பொறுமையாக மூன்று முறை அளந்தபோது உயரம் 122 சென்டிமீட்டர் இருந்தது. அப்படியானால் பிஎம்ஐ 16.8. குழந்தை அதே குழந்தை, எடையும் அதேதான். வரிசையில் அவசரமாக நிற்க வைத்து அளந்ததில் குறைந்துபோன நான்கு சென்டிமீட்டர்தான் அவளை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தள்ளியிருந்தது. எல்லாச் சீட்டுகளும் இப்படித் தவறாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை சரியாகவே இருக்கும். ஆனாலும் முதல் வேலை மறுபடி அளப்பதுதான்.

உயரம் அளக்கும்போது செருப்பு வேண்டாம், உச்சிக் கொண்டையையும் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். தரைவிரிப்பு இல்லாத தரையில், சுவரோடு சேர்த்து நிற்க வையுங்கள். குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை சுவரில் படட்டும். பார்வை நேராக இருக்கட்டும். முகவாய் தூக்கியிருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் அளவு மாறும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துத் தலையில் படியும்வரை இறக்கி, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் குறியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பகல் முழுதும் நின்று ஓடியபின் முதுகெலும்பு சற்று அமுங்கி உயரம் கொஞ்சம் குறைவது இயல்பு. அதனால் எப்போதும் ஒரே வேளையில் அளப்பது நல்லது. எடைக்கு மெல்லிய உடை, கெட்டியான தரை, ஒவ்வொரு முறையும் அதே இயந்திரம்.

இரண்டு வயது நிறையாத குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். படுத்த நீளம் நின்ற உயரத்தைவிடச் சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். அந்த வயதில் வீட்டில் சரியாக அளப்பது கடினம் என்பதால் மருத்துவமனை அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வயதுக்குரிய வரைபடத்தில் புள்ளி வையுங்கள்

பெரியவர்களுக்கான 18.5 முதல் 25 வரை என்ற கணக்கைக் குழந்தைக்குப் பொருத்தவே கூடாது. இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களில் வயதைக் கேட்காதவற்றை மூடிவிடுங்கள். 18.5 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுச் சிறுவனுக்கு அது உடல் பருமன் என்று கருதும் கோட்டைத் தாண்டிய எண். பதினைந்து வயதுப் பையனுக்கு நடுக்கோட்டுக்கு, அதாவது அந்த வயதினரின் நடு அளவைக் காட்டும் கோட்டுக்கு, சற்றுக் கீழே இருக்கும் சாதாரண எண். பெரியவருக்கோ ஆரோக்கிய எடையின் கீழ்எல்லை.

இன்று பரவலாகப் பயன்படும் வரைபடங்கள் இரண்டு வகை: உலக சுகாதார நிறுவனத்துடையது, அமெரிக்காவுடையது. பிறப்பு முதல் ஐந்து வயது வரைக்குமான உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடம் 2006இல் வெளியானது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை சுமார் 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கியது அது. ஐந்து முதல் பத்தொன்பது வயதுக்கு 2007இல் தனி வரைபடம் வந்தது. அதில் நடுக்கோட்டுக்கு மேலே முதல் கோட்டைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவது கோட்டைத் தாண்டினால் உடல் பருமன், கீழே இரண்டாவது கோட்டுக்கும் கீழே போனால் மெலிவு. ஐந்து வயதுக்குள் இதே பெயர்களுக்கு எல்லை வேறு: மேலே இரண்டாவது கோடு அதிக எடைக்கும், மூன்றாவது கோடு உடல் பருமனுக்கும். சின்னக் குழந்தைகளின் உடல் வேகமாக மாறும் என்பதால் அவசரப்பட்டு முத்திரை குத்தாமல் இருக்க வைத்த இடைவெளி என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க வரைபடம் பெர்சன்டைல் கணக்கில் பேசும். 85க்கு மேல் அதிக எடை, 95க்கு மேல் உடல் பருமன். 85ஆவது பெர்சன்டைல் என்றால், அந்த வரைபடம் உருவாகக் காரணமான அதே வயது, அதே பாலினக் குழந்தைகள் நூறு பேரில் 85 பேரின் பிஎம்ஐ இதைவிடக் குறைவு என்று பொருள். தேர்வு மதிப்பெண்ணைப் போல இதில் அதிகம் நல்லது, குறைவு மோசம் என்று ஏதுமில்லை. இந்த இரண்டு வகை வரைபடங்களையும் கலந்து பார்த்தால் குழப்பமே மிஞ்சும். உங்கள் மருத்துவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே தொடருங்கள்.

மூன்றாம் படி: ஒரு புள்ளியில் நிற்காமல் போக்கைப் பாருங்கள்

எனக்கு மிகப் பெரிய தெளிவைத் தந்தது இதுதான். பிறந்ததிலிருந்து இருக்கும் பழைய அளவுகளைத் தேடி எடுங்கள். தடுப்பூசி அட்டையில் பல அளவுகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் புள்ளியாக வைத்து இணையுங்கள்.

பிறந்த எடை ஓராண்டில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். முதல் ஆண்டில் உருண்டு திரளும் குழந்தையின் பிஎம்ஐ அதன்பின் மெல்ல இறங்கி, ஐந்து ஆறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு மீண்டும் ஏறத் தொடங்கும். மூன்று வயதில் "இளைத்துப்போய்விட்டான்" என்று பெற்றோர் கவலைப்படுவதும், அதற்காக வற்புறுத்தி ஊட்டுவதும் பெரும்பாலும் இந்த இயல்பான இறக்கத்தைப் பார்த்துத்தான். அந்தத் திருப்பம் வழக்கத்தைவிட மிக முன்னதாகவே வந்துவிட்டால் பின்னாளில் உடல் பருமனுக்கு வாய்ப்பு அதிகம். இதைத் தனி அளவு ஒன்று காட்டவே காட்டாது, தொடர் புள்ளிகள்தான் காட்டும்.

எப்போதும் மேல்கோட்டை ஒட்டியே வளர்ந்து வரும் குழந்தையும், நடுக்கோட்டில் இருந்து ஒரே ஆண்டில் மேல்கோட்டுக்குத் தாவிய குழந்தையும் ஒரே எண்ணில் நிற்கலாம். முதலாவது பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் உடல்வாகு. இரண்டாவது, ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்கிறது. வீடு மாறியதா, தூக்கம் குறைந்ததா, புதிய மருந்தா, பள்ளியில் யாரேனும் துன்புறுத்துகிறார்களா, வீட்டில் ஓர் இழப்பா என்று கேட்டுப் பார்க்க வேண்டிய இடம் அது. பருவமடைவதற்குச் சற்று முன்பும் அந்தச் சமயத்திலும் எடை ஏறுவது வேறு. அங்கே உடல் அடுத்த வளர்ச்சிக்குத் தயாராகிறது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பதினொரு வயதுப் பெண் குழந்தைகளில் ஒருத்தி பருவமடைந்திருக்கலாம், மற்றவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆகலாம். வரைபடத்துக்கு இருவரும் ஒரே வயதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். வாரந்தோறும் எடை இயந்திரத்தில் ஏற்றினால் தெரிவது தண்ணீரும் மலமும் ஏறி இறங்குவதுதான். அதைவிட, தன் உடலைக் கண்காணிக்கிறார்கள் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் படி: இந்த எண் எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிஎம்ஐயின் வரலாறே அதன் எல்லையைச் சொல்லிவிடும். 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ப் கெட்டெலே, வானியலும் புள்ளியியலும் அறிந்தவர், "சராசரி மனிதனை" வரையறுக்க முயன்றபோது எடை உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து நடப்பதைக் கவனித்தார். அவர் மருத்துவர் இல்லை. 1972இல் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்குப் பிஎம்ஐ என்று பெயரிட்டார். அவர் கணக்குப் பார்த்தது வளர்ந்த ஆண்களை வைத்து. மக்கள் கூட்டத்தை ஒப்பிடப் பிறந்த கருவியை நாம் ஒற்றைக் குழந்தையின் மேல் வைக்கிறோம்.

எடையில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை, எவ்வளவு எலும்பு என்று அதற்குத் தெரியாது. நீச்சலும் ஓட்டமும் பயிலும் கட்டான உடல்வாகுக் குழந்தை அதிக எடைக் கட்டத்தில் விழலாம். இதன் மறுபக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. தெற்காசிய வம்சாவளியினருக்கு ஒரே பிஎம்ஐயில் உடல் கொழுப்பு ஐரோப்பியரைவிட அதிகம் இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எண் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டால், மெலிந்த கைகால்களோடு வயிற்றில் மட்டும் கொழுப்புச் சேரும் குழந்தையைத் தவறவிடுவோம்.

அதற்கு எளிய துணை அளவு ஒன்று உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் சுற்றளவை எடுங்கள். அது உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த அளவைப் பரிந்துரைக்கிறது. ஆனால் டேப்பைக் கண்டாலே கூசும் குழந்தையிடம் இதை வீட்டில் செய்ய வேண்டாம். மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த, பல நாட்டு வல்லுநர்கள் அடங்கிய ஆணையமும் இதே திசையில் பேசியது. பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் நோய் என்று முடிவு கட்டக் கூடாது, கொழுப்பு வேறு வழியிலும் உறுதிப்பட வேண்டும், உறுப்புகளின் செயல்பாடு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. இதனால் பிஎம்ஐ பயனற்றது என்று ஆகிவிடாது. அதிக எண்ணிக்கையில், விரைவில், செலவில்லாமல் வடிகட்ட அதைவிட எளிய கருவி இல்லை. வடிகட்டியில் தங்கியதை எடுத்துப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும், அவ்வளவே.

ஐந்தாம் படி: எப்போது மருத்துவர்

எண் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், அல்லது ஓராண்டில் கோடு விட்டுக் கோடு தாவியிருந்தால், குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். அதோடு கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்:

- எடை ஏறுகிறது, உயரம் நின்றுவிட்டது. சாதாரணமாக எடை கூடும் குழந்தைகள் வயதுக்கு உயரமாகவே இருப்பார்கள். உயரம் தேங்கினால் தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறைச் சோதிக்க வேண்டும்.
- கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. தேய்த்துக் குளிப்பாட்டினால் போகாது. அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம்.
- தினமும் குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், பகலில் சோர்வு.
- இடுப்பிலோ முழங்காலிலோ வலியோடு நொண்டுதல். எடை கூடிய வளரிளம் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டின் எலும்பு நழுவும் நிலை வரலாம். அன்றே காட்ட வேண்டியது.
- அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு. சர்க்கரை நோய்க்கான சோதனை உடனே தேவை.
- ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்து தொடங்கிய பின் எடை ஏறுதல். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.

பருமனான குழந்தை திடீரென வேகமாக மெலிந்தால் எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்கு அது அச்சம் தருகிறது. உணவை வெறுத்து ஒதுக்கும் மன நோய் அந்தப் பாராட்டின் மறைவில் மாதக்கணக்கில் வளரும். எண் இன்னும் நடுக்கோட்டில் இருக்கிறதே என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். உணவை ஒளித்தல், சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போதல், மாதவிடாய் நிற்றல், மயக்கம் இருந்தால் எடை எதுவானாலும் மருத்துவர்.

ஆறாம் படி: பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெற்றோரின் பொறுப்பு என்றதும் நமக்குத் தோன்றுவது குழந்தையின் தட்டைக் கட்டுப்படுத்துவது. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் சொன்ன பகுப்பு அதைத் திருத்தியது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவை பெற்றோரின் வேலை. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பவை குழந்தையின் வேலை. என் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் அவள் வேலையில் கைவைத்ததுதான் நான் பிஸ்கட் டப்பாவில் செய்த தவறு. கடையில் வாங்கும்போது தீர்மானிக்க வேண்டியதை, வாங்கி வந்து வீட்டில் வைத்துவிட்டு அவளிடம் மறுத்தேன். கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டாத உணவின் மேல் ஆசை கூடும். அதை ஒளிந்து தின்னக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமாகிவிடுவோம்.

"தட்டைக் காலி செய்" என்று சொல்வதும் அதே வகைதான். பசி தீர்ந்ததை உணரும் திறனோடுதான் குழந்தை பிறக்கிறது. வற்புறுத்தி ஊட்டுவதும் வலுவில் பிடுங்குவதும் அந்த உணர்வை மழுங்கடிக்கும். புதிய காயை முதல் முறை துப்பினால் விட்டுவிடாதீர்கள். பத்துப் பதினைந்து முறை, சண்டையில்லாமல், சிறிதளவு தட்டில் வந்துகொண்டே இருக்கட்டும்.

உங்கள் பங்கில் பலன் அதிகம் தருவதிலிருந்து தொடங்குங்கள். இனிப்புப் பானங்கள் வீட்டுக்குள் வராமல் இருப்பதே என் பட்டியலில் முதலிடம், ஏனென்றால் குடித்த சர்க்கரை பசியை அடக்குவதில்லை. ஒரு வயதுக்குள் பழச்சாறும் தேவையில்லை. அடுத்தது தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம். தூக்கம் குறைந்த உடல் அடுத்த நாள் கூடுதலாகப் பசிக்கும், குறைவாக ஓடும். உணவைப் பற்றி ஓயாமல் பேசும் வீடுகளில்கூடத் தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிறகு அசைவு. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டாக இருக்கட்டும், எடைக்குத் தண்டனையாக ஓடவிட்ட குழந்தை வளர்ந்தபின் ஓடாது. திரை பார்த்துக்கொண்டே சாப்பிடும் பழக்கம் பெரியவர்களுக்கும் சேர்த்து நிற்க வேண்டும்.

மாற்றம் முழு வீட்டுக்கும். அண்ணனுக்கு ஒரு தட்டு, தம்பிக்கு ஒரு தட்டு என்றால் உணவு தண்டனையாகிறது.

வளரும் குழந்தைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்க வேண்டியதில்லை. அந்தச் சீட்டின் உயரமே சரியாக இருந்திருந்தால் என்று வைத்துக்கொள்வோம்: 118 சென்டிமீட்டர், 25 கிலோ. அந்த வயதில் ஓராண்டில் ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். எடை அப்படியே நின்று உயரம் 124 ஆனால், பிஎம்ஐ 17.95இலிருந்து 16.3க்கு வந்துவிடும். ஒரு கிலோகூடக் குறையவில்லை. மருத்துவர் மேற்பார்வையின்றிக் குழந்தையைப் பத்தியத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் எண் அசையாமல் போகலாம். இரட்டையர் ஆய்வுகள் எடை வேறுபாட்டில் மரபணுவுக்குப் பெரும் பங்கு இருப்பதைக் காட்டுகின்றன. விளம்பரமும் விலையும், விளையாட இடமின்மையும் இரவுப் பணியும் உங்கள் கையில் இல்லை. உங்கள் பொறுப்பு வீட்டின் ஒழுங்குக்கு. உடலின் விளைவுக்கு நீங்கள் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஏழாம் படி: பேச்சு

வீட்டில் யாருடைய உடலைப் பற்றியும் பேச்சு வேண்டாம். கண்ணாடி முன் நின்று உங்கள் வயிற்றை நீங்களே திட்டிக்கொள்வதும் இதில் சேரும். குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எடையைச் சொல்லிக் கேலி செய்வது, செல்லமாகச் சொன்னாலும், உணவுக் கோளாறுக்கும் மேலும் எடை ஏறுவதற்கும் வழிவிடுகிறது என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். உறவினர் யாராவது சொன்னால் குழந்தையின் முன்னிலையிலேயே, "எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தனியாக அழைத்துச் சொன்னால், நீங்கள் தன் பக்கம் நின்றது குழந்தைக்குத் தெரியாமல் போகும்.

"நான் குண்டா?" என்று கேட்டால் "இல்லவே இல்லை" என்று பொய் சொல்ல வேண்டாம், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம். "யார் அப்படிச் சொன்னார்கள்? உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, முழுதாகக் கேளுங்கள். பிறகு, "உடம்பு பல விதமாக வளரும். உனக்கு நல்ல சாப்பாடு, தூக்கம், விளையாட்டுக் கிடைக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை" என்று சொல்லலாம்.

எட்டாம் படி: பள்ளியோடும் மருத்துவமனையோடும்

கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் 2014 முதல் 2017 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. பிஎம்ஐ அறிக்கையை வீட்டுக்கு அனுப்பியதால் குழந்தைகளின் எடையில் மாற்றம் ஏதும் வரவில்லை. பள்ளியில் அளக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தங்கள் உடல்மேல் இருந்த திருப்தி குறைந்தது. அதனால் பள்ளியிடம் இரண்டு வேண்டுகோள் வைப்பது நியாயம்: மற்றவர்கள் பார்க்காதபடி தனியாக அளக்கட்டும், முடிவை ஒட்டிய உறையில் பெற்றோரிடம் மட்டும் தரட்டும்.

எடை கூடிய குழந்தையின் பெற்றோரைக் குற்றவாளியாக்கும் பேச்சும் அவ்வப்போது எழுகிறது. 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் குழந்தை மருத்துவர்கள் இதற்கு ஒரு வரையறை தந்தார்கள். உடல் பருமன் மட்டுமே, பெற்றோர் குழந்தையைப் புறக்கணித்தார்கள் என்பதற்குச் சான்று ஆகாது. எடை குறையவில்லை என்பதும் ஆகாது. உதவி கிடைத்தும் பெற்றோர் தொடர்ந்து ஒத்துழைக்க மறுப்பதும், சிகிச்சைக்கு வராமல் இருப்பதும்தான் கவலைக்குரியவை. எண்ணைப் பார்த்து உங்களைக் கடிந்துகொள்ளும் மருத்துவரிடம் இதைச் சொல்லலாம். குழந்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு எடையைப் பற்றிப் பேசும்படியும் கேளுங்கள்.

நான் பள்ளிக்கு எங்கள் அளவுகளோடு நான்கு வரியில் கடிதம் எழுதினேன். அடுத்த ஆண்டு அளக்கும் நாளன்று ஒரு திரை கட்டியிருந்தார்கள். பிஸ்கட் டப்பா பழைய இடத்துக்கே திரும்பி வந்தது, பெரும்பாலான நாட்களில் காலியாக. சுவரில் பென்சில் கோடுகள் ஆறு மாதத்துக்கு ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன. அவள் பார்ப்பது உயரத்தை மட்டும். எடையை எழுதிய தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.